வன்பொருளை அணுகும் நெறி: ஒரு திறனாய்வு

இடைமுகம் என்பது ஓர் உடன்படிக்கை. எப்பொறுப்பு எவருடையது என வரையறுப்பதே அதன் பணி. பணிசெயல் முறைமையின் உட்கருவுக்கும், சாதனச் செலுத்தியை எழுதும் ஆசிரியனுக்கும் இடையே உள்ள அவ்வுடன்படிக்கையின் குணமும் குற்றமும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சியின் தேவை வெளிப்படை. 2001 ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் லினக்ஸ் உட்கருவை ஆராய்ந்து, செலுத்திகளின் பிழைவீதம் ஏனைய பகுதிகளின் பிழைவீதத்தினும் ஏழு மடங்கு வரை மிக்கதெனக் கண்டனர். அப்பிழைகள் யாவும் வன்பொருளை அணுகுவதிற் பிறந்தன அல்ல. எனினும், உடன்படிக்கை தெளிவாய் அமைய வேண்டிய இடம் யாது என்பதை அவை காட்டுகின்றன.

சாதனத்தின் பதிவகம் நினைவகத்தைப் போல முகவரி உடையது. ஆனால் நினைவகம் அன்று. 16550 எனும் தொடர்வழித் தொடர்புச் சில்லை நோக்குக. அதன் முதற் பதிவகத்தை வாசித்தால், வந்து காத்திருக்கும் பைற்று வெளியே எடுக்கப்பட்டுவிடும். மீண்டும் வாசித்தால் அடுத்த பைற்றே கிடைக்கும். வேறொரு பதிவகத்தின் ஏழாம் பிற்றை மாற்றினால், அதே முகவரி வேகத்தை வரையறுக்கும் எண்ணைத் தாங்குவதாய் மாறிவிடும். சில பலகைகளில் இப்பதிவகங்கள் ஒரு பைற்று இடைவெளியிலும், வேறு சிலவற்றில் நான்கு பைற்று இடைவெளியிலும் அமைந்துள்ளன. இத்தகையதொன்றைச் சி மொழியின் சுட்டியால் நேரே தொடுதல் தகாது. ‘வொலற்றைல்’ எனும் அடைமொழி தொகுப்பானைக் கட்டுப்படுத்தும்; செயலியையும் இடைப்பாலங்களையும் அது கட்டுப்படுத்தாது.

இக்குறையை நீக்க எழுந்த முறைகளுள் நெற் பி.எஸ்.டி.யின் ‘பஸ் ஸ்பேஸ்’ சிறப்பாகக் குறிப்பிடத் தக்கது. 1998 இல் வெளிவந்த 1.3 ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. செலுத்தி முகவரியை அறியாது. இணைப்புப்பாதையின் அடையாளம், ஒரு கைப்பிடி, தொடக்கத்திலிருந்து உள்ள தூரம் என்னும் மூன்றையே தருகிறது. மற்றவற்றைப் பொறிக்குரிய பகுதி பார்த்துக்கொள்ளும். இதனால் ஒரே செலுத்தி பல்வேறு பொறிகளில் இயங்கலாயிற்று. மறைக்க வேண்டியதை மறைத்த அழகிய அமைப்பு இதுவென்பதில் ஐயமில்லை.

எனினும், ஒழுங்கைப் பேணும் பொறுப்பை அம்முறை ஆசிரியனிடமே விட்டது. முன் எழுதியது முன்னும் பின் எழுதியது பின்னுமாகச் சாதனத்தை அடைய வேண்டுமாயின், அவனே இடையில் ஒரு தடுப்பை இடல் வேண்டும் என்பது தொடக்கத்தில் வகுத்த விதி. இன்ரெல் வகைப் பொறிகளில் இவ்வொழுங்கைப் பெரும்பாலும் வன்பொருளே காத்துவிடும். அங்கே எழுதுவோன் தடுப்பை மறந்தாலும் கேடு தோன்றாது. வேறு பொறிக்குச் செல்லும்போதே, அதுவும் எப்போதோ ஒருமுறையே, பிழை தலைகாட்டும். சோதனையில் அகப்படாத பிழையினும் கொடியது வேறில்லை.

லினக்ஸ் மறுவழியிற் சென்றது. அதன் ‘றீட்எல்’, ‘றைற்எல்’ என்னும் சார்புகள் ஒரு சாதனத்துக்குரிய ஒழுங்கைத் தாமே காக்கும். ஏ.ஆர்.எம். போன்ற செயலிகளில் இதற்கு வேண்டிய தடுப்பு அவற்றுள்ளேயே அடங்கியுள்ளது. அதனாற் சிறிது காலம் செலவாகும். விரைவை வேண்டுவோர் ‘றிலாக்ஸ்ட்’ என்று பெயரிலேயே தளர்வை அறிவிக்கும் வேறு சார்புகளைக் கையாளலாம்.

ஆயினும் லினக்ஸும் ஓரிடத்திற் பழைய பிழையையே செய்தது. இரு செயலிகள் ஒரு பூட்டின் காவலில் மாறிமாறி ஒரே சாதனத்துக்கு எழுதும்போது, சில பொறிகளில் அவ்வெழுத்துகள் முன்பின்னாகச் சென்றடையக்கூடும். இதனைத் தடுக்கப் பூட்டைத் திறக்குமுன் தனியொரு கட்டளையை ஆசிரியன் இடவேண்டியிருந்தது. அதனை இட மறந்தோரும், வேண்டாவிடத்தில் இட்டோரும் பலர். ஈற்றில் 2019 இல் வெளிவந்த 5.2 ஆம் பதிப்பில் அப்பொறுப்பு பூட்டைத் திறக்கும் செயலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. நினைவாற்றலை நம்பிய உடன்படிக்கை நிலைக்கவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் ஆசிரியன் வன்பொருளை அறியாதவனாவான் என்பர் சிலர். அக்கூற்றிலும் உண்மை உண்டு. பி.சி.ஐ. இணைப்பில் எழுத்து இடைப்பாலத்தில் தங்கிப் பின்னரே சாதனத்தை அடையலாம். ஆனால் ‘றைற்எல்’ உடனே திரும்பிவிடும். சாதனத்தை மீளத் தொடக்கி, பத்து மைக்குரோ செக்கன் காத்திருக்கும் செலுத்தி, கட்டளை போய்ச் சேருமுன்னரே காத்திருக்கத் தொடங்கக் கூடும். அதே சாதனத்தின் ஒரு பதிவகத்தை முதலில் வாசித்து, எழுத்துச் சென்றடைந்ததை உறுதிசெய்தல் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் இவ்வாறு செய்தால் வேகம் பெரிதும் குன்றும். ஆகவே இதனை ஆசிரியனிடம் விடுவதன்றி வேறு வழியில்லை. ஆனால் ‘எழுது’ என்னும் பெயர், செயல் முடிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தருகிறது. இஃது அவ்விடைமுகத்தின் குறையே.

இவற்றால் நாம் பெறும் அளவுகோல் ஒன்று. மறந்தால் வேகம் மட்டும் குறையுமாயின், அப்பொறுப்பை ஆசிரியனிடம் விடலாம்; மறந்தால் உண்மையே பிறழுமாயின், அதனை இடைமுகம் ஏற்றல் வேண்டும்; ஏற்க இயலாதவிடத்துப் பெயராலேனும் எச்சரித்தல் வேண்டும். இனி இத்துறையிற் புகும் மாணவர், ஓர் இடைமுகம் எத்தனை வசதிகளைத் தருகிறது என்று எண்ணுமுன், மறதியுடைய மனிதனை அது எவ்வாறு நடத்துகிறது என்று நோக்குவாராக.