டப்பாவின் மேல் எழுதியிருப்பது

போன மாசியில் நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக் கைப்பிடி அம்மாவின் கையோடு வந்துவிட்டது. வற்றல் பிழிய மாடிக்கு ஏறியவங்க, மேலிருந்து நாலாவது படியில் கைப்பிடியைப் பிடித்து ஊன்றியிருக்காங்க. அது அடியோடு சாய்ந்துவிட்டது. நல்லவேளை, சுவர்ப் பக்கமாகச் சரிந்து படியிலேயே உட்கார்ந்துட்டாங்க. முழங்கையில் சிராய்ப்பு, ஒரு குண்டான் கூழ் நாசம். போனில் சொன்னபோது சிராய்ப்பைவிடக் கூழைப் பற்றித்தான் அதிகம் வருத்தப்பட்டாங்க.

இரண்டு நாள் கழித்து ஊருக்குப் போய்ப் பார்த்தேன். கீழே கிடந்த கைப்பிடி பளபளவென்று இருந்தது. இருக்காதா பின்னே? மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிச்சப்போ, நான்தான் ஆளை வைத்துப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். டப்பாவும் நானே கடைக்குப் போய் எடுத்தது. கரும்பச்சை எனாமல், மேலே கொட்டை எழுத்தில் 'துரு எதிர்ப்பு'. கைப்பிடியைத் தாங்கும் செங்குத்துக் குழாய் சிமெண்டுக்குள் இறங்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். அங்கே இரும்பே இல்லை. பட்டி வைத்து அடைத்து, அதன் மேல் பெயிண்ட் அடித்திருந்தது. அந்தப் பெயிண்ட் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல், குழாயின் வடிவத்தில், முட்டை ஓடு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

இந்தப் பதிவு அந்த டப்பாவைப் பற்றிய விமர்சனம். புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுவது போல டப்பாவுக்கும் எழுதலாம்; அதிலும் வாசகங்கள் இருக்கின்றன, அவற்றை நம்பித்தான் காசு கொடுக்கிறோம். கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. பக்கத்து அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்திருந்தாலும் ஏறத்தாழ இதேதான் எழுதியிருக்கும்.

முதல் வாசகம், 'துரு எதிர்ப்பு'. எனாமல் என்று கடையில் விற்பது பெரும்பாலும் ஆல்கைடு என்ற பிசின். ஆல்கஹால், ஆசிட் இரண்டையும் ஒட்டவைத்து 1927-ல் உண்டான பெயர் இது. அதோடு உலரும் தாவர எண்ணெய் சேர்ந்திருக்கும். அடித்த பிறகு காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வாங்கி இறுகி, பளபளப்பான தோல் மாதிரி ஆகிறது. அந்தத் தோல் தண்ணீரையும் காற்றையும் தடுத்து இரும்பைக் காக்கிறது என்றுதான் நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். அது சரியில்லை. 1950களின் தொடக்கத்திலேயே கேம்பிரிட்ஜில் மெய்ன் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: பல பெயிண்ட் படலங்களின் வழியே ஊடுருவும் தண்ணீரும் ஆக்சிஜனும், ஒன்றும் பூசாத இரும்பு துருப்பிடிக்கப் போதுமான அளவு இருக்கிறது. அப்படியானால் பெயிண்ட் எப்படித்தான் காக்கிறது? துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வேலை. இரும்பின் ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் நடுவே அயனிகள் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டத்துக்குப் படலம் குறுக்கே நிற்கிறது. அவ்வளவுதான்.

இது ஏதோ ஆராய்ச்சிக்கூடத்து நுணுக்கம் என்று தோன்றலாம். ஆனால் எங்கள் ஊரில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அயனி என்றால் உப்பு. பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே இரும்பின் மேல் உப்பு படிந்திருந்தால், அதைப் படலத்துக்கு உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறோம். உள்ளே மாட்டிய உப்பு வெளியிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு துரு. கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் வீடு. சாயங்காலம் ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தக் கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, பெயிண்ட் அடித்துவிடுகிறோம். (உப்புத்தாளுக்கு ஏன் அந்தப் பெயர் வந்ததோ, எங்கள் ஊருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.) டப்பாவில் 'மேற்பரப்பைச் சுத்தம் செய்யவும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தண்ணீர் விட்டு உப்பைக் கழுவச் சொல்லி எங்கேயும் இல்லை.

இப்போது ரெட் ஆக்சைடுக்கு வருவோம். நம்மூரில் கேட்டோ கிரில்லோ செய்து வந்தால் செங்காவி நிறத்தில்தான் வரும். 'பிரைமர் அடிச்சாச்சு சார்' என்பார் வெல்டர். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் நமக்கும் மனசு நிம்மதியாகிவிடும். அந்த நிறத்தைக் கொடுக்கும் பொருள் எது தெரியுமா? இரும்பு ஆக்சைடு. துருவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அது கெடுதல் செய்யாது, சும்மா இருக்கும். ஆனால் துருவைத் தடுக்கிற வேலையையும் செய்யாது. அந்த வேலையைப் பழைய காலத்தில் செய்தது செந்தூரம் போல இருக்கும் ஈய ஆக்சைடு. அதற்கப்புறம் துத்தநாகக் குரோமேட். இரண்டுமே விஷம் என்பதால் ஒதுக்கப்பட்டு, இப்போது அந்த இடத்தில் துத்தநாக பாஸ்பேட் இருக்கிறது. இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 2074 இந்தப் பிரைமரைக் குறிக்கும்போது வெறும் ரெட் ஆக்சைடு என்று நிறுத்துவதில்லை, 'ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோம்' என்றே சொல்கிறது. பேச்சுவழக்கில் நாம் பாதிப் பெயரை விழுங்கிவிட்டோம். விலை குறைந்த டப்பாக்களில் அந்தப் பாதிப் பெயரோடு பாதிப் பொருளும் போய்விட்டது என்பது என் சந்தேகம். சிவப்பு நிறம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, நமக்கு நிம்மதி தருவதற்காக.

ஆக, துருவை எதிர்க்க வேண்டியது அடியில் இருக்கும் பிரைமர். அந்தப் பிரைமரை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பது எனாமல். காவலாளியின் பெயரை அவனுக்குக் குடை பிடிப்பவன் சட்டையில் குத்திக்கொண்ட கதைதான் இந்த முதல் வாசகம்.

எவ்வளவு தடிமன் என்பதையும் பார்க்கணும். பிரஷ்ஷால் ஒரு கோட் அடித்தால் காய்ந்த பிறகு 25, 30 மைக்ரான் நிற்கும். தலைமுடியில் பாதிகூட வராது. ஐ.எஸ்.ஓ. 12944 என்ற சர்வதேசத் தரம் உப்புக்காற்று கடுமையாக இருக்கும் கடலோரத்தை 'சி5' என்று வகைப்படுத்துகிறது. அங்கே நீண்ட நாள் நிற்க வேண்டுமானால் எல்லாக் கோட்டும் சேர்த்து 200 மைக்ரானுக்கு மேல் கேட்கிறது, அதுவும் எபாக்ஸி மாதிரியான பூச்சுகளில். எங்கள் பெயிண்டர் எனாமலில் மண்ணெண்ணெய் கலந்து ஒரு கோட்தான் அடித்தார் என்று பிறகு தெரிந்தது. 'கலந்தாத்தான் தம்பி கை ஓடும்' என்றார். கை ஓடியிருக்கும்தான்.

சரி, பெயிண்டரைத் திட்டி முடித்துவிடலாமா? முடியாது. எங்கள் கைப்பிடியைக் கொன்றது வெளிப்பக்கத் துருவே இல்லை. குழாய் உள்ளே வெற்றாக இருக்கும். மேல் முனையில் மூடி இல்லாததால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அடியில் சிமெண்ட் அடைத்திருப்பதால் வெளியேற வழி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, தையில் காய்ந்து, உப்பு மட்டும் தங்கி, அடுத்த ஐப்பசியில் மறுபடி நிரம்பி, இப்படியே பதினைந்து இருபது வருஷம் உள்ளிருந்து தின்றிருக்கிறது. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால் சிமெண்டிலும் விரிசல் விட்டு, அது வழியாக இன்னும் தண்ணீர். உலகத்திலேயே சிறந்த பெயிண்டை வெளியே அடித்திருந்தாலும் இது நடந்திருக்கும்.

அதனால்தான் டப்பாவின் வாசகங்களில் எனக்கு மிகவும் கோபம் வருவது 'துரு எதிர்ப்பு' அல்ல, 'புதுப்பொலிவு'. துருப்பிடித்த குழாய் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. செதில் செதிலாக உதிர்ந்தது, படியில் காவிக்கறை விட்டது. அம்மா அந்தக் கறையைப் பார்த்தபோதெல்லாம் கைப்பிடியை விட்டுச் சுவரைப் பிடித்து ஏறியிருக்காங்க. அவங்களே சொன்னாங்க: 'முன்னாடி பயந்து பயந்துதான் ஏறுவேன். நீ பெயிண்ட் அடிச்சப்புறம் நல்லாயிடுச்சுன்னு நெனச்சேன்டா.' எனக்குச் சுருக்கென்றது. பெயிண்ட் கைப்பிடியைப் பலவீனமாக்கவில்லை. பலவீனம் தெரியாமல் ஆக்கியது. அதற்கு நான் காசும் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு வாசகம், 'உலோகம், மரம், சுவர், எல்லாப் பரப்புகளுக்கும்'. இது பாதி உண்மை. மரக்கதவுக்கு நல்லதுதான். வீட்டுக்குள் இருக்கும் இரும்பு பீரோவுக்கு இதைவிட வேறு வேண்டாம். அப்பா வாங்கிய பீரோ அதே சாம்பல் நிறத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் துத்தநாகம் பூசிய தகரத்தின் மேல் ஆல்கைடு எனாமலை நேராக அடித்தால், எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு அடுக்கு உண்டாகி, கொஞ்ச நாளில் தோல் தோலாக உரிந்துவிடும். புதுச் சிமெண்ட் பூச்சின் மேலும் அப்படித்தான், அதன் காரத்தன்மை எண்ணெயைத் தின்றுவிடும். வெள்ளை எனாமலை வெளிச்சம் படாத அறையில் அடித்தால் மஞ்சளாகும், இது எல்லோரும் பார்த்திருப்பது.

டப்பாவில் இல்லாத வாசகம் ஒன்றையும் சொல்லணும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய கேட், கிரில் எல்லாவற்றிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, மஞ்சள், சிவப்பு, பச்சையில் குறிப்பாக. அதைக் காய்ந்தபடியே தேய்த்தால் தூள் பறக்கும். தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் தேய்த்தபோது அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

துருப்பிடித்த இரும்புக்கு எண்ணெய் என்ற யோசனையே தப்பு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1921-ல் தொடங்கிய ரஸ்ட்-ஓலியம் கம்பெனி தன் பிறப்புக்கு ஒரு கதை சொல்லும். பெர்குசன் என்ற கப்பல் கேப்டன், துருப்பிடித்த தளத்தில் மீனெண்ணெய் சிந்திய இடத்தில் மட்டும் துரு பரவாததைக் கவனித்தாராம். மர வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசிய எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாக இருந்திருக்காது. கதை எவ்வளவு உண்மையோ, அதில் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது: மெதுவாக உலரும் எண்ணெய் துருவுக்குள் ஊற நேரம் எடுத்துக்கொள்கிறது. இன்றைய வேகமாகக் காயும் எனாமல் துருவின் மேல் உட்காருகிறது. துரு உதிரும்போது கூடவே உதிர்கிறது.

எங்களுக்குத் தெற்கே மண்டபத்தில், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் காயப்போட்டு, எது எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்க்க ஒரு களநிலையம் வைத்திருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பாம்பன். 1914-ல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. நூறு வருஷத்துக்கு மேல் அது நின்றதற்குக் காரணம் ஒரு நல்ல டப்பா கிடைத்ததல்ல. ஆட்கள் ஓயாமல் பார்த்து, சுரண்டி, கெட்ட பாகத்தை மாற்றி, பிறகு அடித்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசைலாக்சேன் பூச்சு போட்டிருக்கிறார்கள், கூடவே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் வைத்திருக்கிறார்கள். பூச்சை மட்டும் நம்பவில்லை என்பதைக் கவனிக்கவும்.

எங்கள் கைப்பிடிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். குழாயை விட்டுவிட்டுக் கெட்டிக் கம்பி போட்டோம். படியில் சின்னச் சிமெண்ட் குமிழ் கட்டி, தண்ணீர் தேங்காதபடி அதன் மேல் தகடு வைத்துக் கம்பியை நிறுத்தினார் வெல்டர். கம்பியைக் கழுவ போர் தண்ணீரை எடுத்தார். நான் தடுத்தேன், எங்கள் போர் தண்ணீரே உப்பு. நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து ஊற்றியபோது அம்மா வாசலில் நின்று, 'குடிக்கிற தண்ணிய இரும்புக்கு ஊத்துறியே, உனக்கு நல்லாருக்கா?' என்றாங்க. காய்ந்ததும் துத்தநாக பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் எனாமல் இரண்டு கோட், மண்ணெண்ணெய் இல்லாமல். ஆமாம், அதே டப்பாவில் மீதி இருந்த எனாமல்தான். பெயிண்டரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: எங்கேயாவது ஓட்டை தெரிந்தால் பட்டி வைக்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்க.

கிளம்பும் முன் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் வாசல் கேட்டைத் தாங்கும் இரண்டு குழாய்களையும் அடியில் தட்டிப் பார்த்தேன். இரண்டுமே ஒரே பச்சை, ஒரே பளபளப்பு. வலது பக்கம் 'டங்' என்றது. இடது பக்கம் 'டொக்' என்றது. வெல்டரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.