வெறியும் ஏற்பாடும்: பெருவன்செயலுக்குக் கூறப்படும் காரணங்கள் பற்றி ஒரு நோக்கு

கொழும்பு மக்களின் பேச்சு வழக்கிலே 'அங்கொடை' என்பது ஓர் ஊரின் பெயராக மட்டும் வழங்குவதில்லை. அங்குள்ள மனநோய் மருத்துவமனை காரணமாக அது பைத்தியம் என்பதன் மறுபெயராகிவிட்டது. பேஸ்லைன் வீதி வழியே வடக்கு நோக்கி வருவோர் தெமட்டகொடையைக் கடந்து ஒருகொடவத்தைச் சந்தியை அடைவர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் அண்மையில் உள்ளன. அதே திசையில் இன்னுஞ் சில மைல் தொலைவில் அங்கொடை. அதே பேஸ்லைன் வீதியின் தெற்கிலோ பொரளையும் கனத்தை மயானமும் வெலிக்கடைச் சிறைச்சாலையும் அமைந்துள்ளன. 1983 யூலை 24ஆம் நாள் இரவு தமிழர்மீதான வன்செயல் தொடங்கியது கனத்தைச் சுற்றாடலிலேதான். எனினும், அவ்வன்செயல் குறித்துப் பேசியோருள் பலர் அதன் காரணத்தை அங்கொடைத் திசையிலேயே தேடினர். வெறி, ஆவேசம், கும்பற் பித்து என்னும் சொற்கள் எழுத்திலும் மேடையிலும் மலிந்தன. கனத்தைத் திசையில் நின்று தேடியோர் சிலரே.

கும்பல் என்பது தனி மனிதனின் பகுத்தறிவை விழுங்கிவிடும் ஒரு பூதம் என்ற கருத்துக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு நாட்டவரான குஸ்தாவ் லெ பொன் 1895இல் வெளியிட்ட நூலே அதற்குப் பெரும் பரப்பை அளித்தது. அது உளவியல் வேடம் பூண்டதாயினும், அதன் பயன் பெரிதும் அரசியல் சார்ந்தது. பித்துப் பிடித்தவனை யாரும் விசாரிப்பதில்லை. பித்துக்குப் பின்னால் எவரேனும் நின்றனரா என்ற வினாவும் எழுவதில்லை. 1983 யூலை 28இல் நாட்டு மக்களுக்கு உரையாற்றிய ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன, நிகழ்ந்தவற்றைச் சிங்கள மக்களின் எதிர்விளைவாகவே விளக்கினார். பாதிக்கப்பட்டோருக்கு அனுதாபம் கூறினாரல்லர். அடுத்த சில நாள்களுள் அவரது அரசாங்கம் மூன்று இடதுசாரிக் கட்சிகள்மீது சதிக் குற்றஞ் சாட்டித் தடை விதித்தது. தன்னியல்பாக எழுந்த கோபம் என்றும், முன்னரே தீட்டிய சதி என்றும் ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே வாரத்தில் இரு விளக்கங்கள். இவை ஒன்றையொன்று மறுப்பன. ஆயினும் அரசைக் குற்றத்தினின்றும் விலக்கி நிறுத்துவதில் இரண்டும் ஒற்றுமையுடையன.

தாக்க வந்தோர் வாக்காளர் பட்டியல்களை வைத்திருந்தனர் என்பது அன்று கொழும்பிலிருந்தோர் பலரின் சாட்சியம். வெள்ளவத்தையிலே சிங்களவர் வீட்டில் வாடகைக்கு இருந்த தமிழரின் உடைமைகள் வீதிக்கு இழுக்கப்பட்டு எரிக்கப்பட்டமையும், வீடு தப்பியமையும் பித்தின் செயலாகா. அது கணக்கறிந்தவன் செயல். வெலிக்கடையிலோ கணக்கு இன்னுந் தெளிவு. யூலை 25இல் 35 பேரும், இடையில் ஒரு நாள் கழித்து 27இல் 18 பேருமாக 53 தமிழ்க் கைதிகள், அரசின் பூட்டுக்குள், அரசின் காவலின்கீழ்க் கொல்லப்பட்டனர். முதற் கொலைக்கும் இரண்டாங் கொலைக்கும் இடைப்பட்ட அந்த ஒரு நாளை எந்தக் கும்பல் உளவியலாலும் விளக்க முடியாது. இக்கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய உலக விவாதம் இவ்விடத்திலேதான் ஈழத்து வாசகனுக்குச் சிக்கலைத் தருகிறது. அவ்விவாதம் பெரும்பாலும் தனியொருவன் கையிலுள்ள துப்பாக்கியைப் பற்றியது. 1996இல் தஸ்மேனியாவின் போர்ட் ஆதரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக்கொன்றபின், அவுஸ்திரேலிய அரசு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்து மீளப்பெற்றது. அதே ஆண்டு ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்டதன் விளைவாகப் பிரித்தானியா கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. ஐக்கிய அமெரிக்காவிலோ இத்தகைய ஒவ்வொரு நிகழ்ச்சியின் பின்னும் மனநோயே காரணம் என்ற பேச்சு எழுகிறது. துப்பாக்கி பேச்சினின்றும் நழுவிவிடுகிறது. மனநோய் எல்லா நாடுகளிலும் உண்டு. கருவி எளிதிற் கிட்டும் நாட்டிலேதான் அத்தகைய கொலைகள் பெருகுகின்றன என்ற எதிர்வாதம் வலிமை வாய்ந்தது. மனநோயாளருட் பெரும்பாலோர் பிறருக்குத் தீங்கு செய்வோரல்லர் என்பதும் மருத்துவர் நெடுங்காலமாகக் கூறிவருவதே.

ஆனால் 1983இல் கொழும்பை எரித்தது துப்பாக்கியன்று. மண்ணெண்ணெயும் பெற்றோலும் இரும்புக் கம்பியுமே. சுடுகலன்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்நாட்டில் 1916 முதல் இருந்துவருகிறது. அன்று வீதியில் துப்பாக்கி வைத்திருந்தோர் பொலிசாரும் படையினருமே. அவர்களுட் பலர் வாளாவிருந்தனர். சிலர் வன்செயலிற் பங்குகொண்டனர். எனவே 'கருவியைக் கட்டுப்படுத்துக' என்னும் கோட்பாடு இங்குப் பொய்க்கவில்லை. கருவி எதுவென்பதே மாறுகிறது. பட்டியலும், ஆள்களை ஏற்றிவந்த வாகனமும், தண்டனை வராது என்ற உறுதியுமே அன்றைய கருவிகள்.

இதனை முதலிற் கண்டு எழுதியவர் தார்சி வித்தாச்சி. 1958ஆம் ஆண்டு வன்செயல் பற்றி அவ்வாண்டிலேயே வெளிவந்த அவரது 'எமேர்ஜென்சி 58' பத்திரிகையாளனின் நூல். அவசரம் அதன் நடையில் தெரிகிறது. எனினும் மே 22இல் பொலன்னறுவையில் தொடங்கிய தாக்குதல்களுக்கு மே 27 வரை அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்படாதது ஏன் என்ற வினாவை அவர் விடாது பற்றிக்கொண்டார். காரணத்தை மனத்தின் ஆழத்தில் தேடாது நாட்குறிப்பில் தேடியமையே அந்நூலின் பலம். பேராசிரியர் ஸ்ரான்லி தம்பையா இதனைக் கோட்பாட்டு நிலைக்கு உயர்த்தினார். 1956இல் கல்லோயாவில் மாணவரோடு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தபோதே வன்செயலை நேரிற் கண்டவர் அவர். தெற்காசியக் கலவரங்களை ஆராயும் அவரது 1996ஆம் ஆண்டு நூல் லெ பொன்னை முற்றாகத் தள்ளவுமில்லை; தழுவவுமில்லை. கூடியபின் கும்பலில் எழும் ஆவேசம் உண்மையே; ஆனால் அவ்வாவேசம் கும்பலைக் கூட்டியதன்று. இவ்வேறுபாடு எளியது போலத் தோன்றினும் தமிழில் இதனை உட்கொண்டு எழுதியோர் மிகச் சிலரே.

படைப்பிலக்கியத்துக்கு வருவோமாயின் நிலைமை வேறு. 1977 வன்செயலின் பின் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிச்சென்ற கப்பலைக் களமாகக் கொண்டது அருளரின் 'லங்காராணி'. அது கதையைக் காட்டிலும் விவாதத்தையே பெரிதும் நம்புகிறது. பாத்திரங்கள் மனிதராகப் பேசுவதினும் கட்சியினராகப் பேசுவதே அதிகம். கலைக்குறையாயினும், 'ஏன் நடந்தது' என்ற வினாவைத் தமிழ்ப் புனைகதையின் நடுவே வைத்த சிறப்பு அதற்குண்டு. 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பின் கவிதைகள் இழந்தவனின் குரலை அழியாவண்ணம் பதிவுசெய்தன. இழக்கச் செய்தவன் அவற்றில் நிழலாகவே நிற்கிறான். ஆங்கிலத்தில் எழுதிய ஷியாம் செல்வதுரை தமது 'ஃபனி போய்' (1994) நூலின் இறுதிப் பகுதியை ஒரு சிறுவனின் நாட்குறிப்பாக அமைத்தார். விளக்கங் கூறத் தெரியாத வயதுடையவன் கண்டதை மட்டும் எழுதுகிறான். அதனாலேயே திட்டத்தின் தடயங்கள் அங்குத் துலக்கமாகத் தெரிகின்றன. உணர்ச்சிப் பெருக்கைக் காட்டிலும் சிக்கனமே இங்குச் சான்றாக நிற்கிறது.

இவ்வளவுங் கூறிய திறனாய்வு ஒன்றை மறைத்தல் ஆகாது. கொழும்பு வன்செயலை ஏற்பாடு என்று கண்ட அதே தமிழ் எழுத்து, தமிழர் தரப்புத் துப்பாக்கிகள் செய்தவற்றைப் பேசும்போது பன்முறை உணர்ச்சியின் மொழிக்குத் திரும்பிவிடுகிறது. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். இவற்றை 'அக்காலத்துக் கொதிநிலை' என்று கடந்துசெல்லும் கட்டுரையாளன், ஜயவர்த்தனவின் யூலை 28 உரையையே வேறு பெயரில் ஆற்றுகிறான். கொதிநிலை எவரையும் விரல்விட்டுத் தெரிந்தெடுப்பதில்லை. 1995 ஒக்டோபர் 20இல் கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டு எரிந்தபோது அதனைப் பித்து என்று எவருஞ் சொல்லவில்லை. போர் என்றே சொன்னார்கள். திட்டமிட்டவனுக்குத் திறமையின் புகழ் வேண்டும்போது ஏற்பாடு; பழி வரும்போது ஆவேசம். இவ்விரட்டை அளவுகோல் எந்த இனத்துக்கும் தனியுரிமையன்று.

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படத் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். விசாரணையிலே தெமட்டகொடையின் மாளிகையொன்றும் வெல்லம்பிட்டியின் செப்புத் தொழிற்சாலையொன்றும் பேசப்பட்டன. இரண்டுமே ஒருகொடவத்தைச் சந்திக்கு அண்மையன. செய்தோருட் செல்வரும் கற்றோரும் இருந்தனர் என்ற செய்தி மூளைச்சலவை, மதவெறி என்னும் விளக்கங்களைப் பெருக்கியது. அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஏப்ரல் 4ஆம் நாளே வெளிநாட்டு உளவுத்துறையின் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 2023 சனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனவும், பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வுத் துறைகளின் அன்றைய உயர் அதிகாரிகளும் செலுத்த வேண்டுமெனவும் தீர்ப்பளித்தது. எவரது மனத்தையும் ஆராயாது எவர் எதை அறிந்திருந்தார், அறிந்தும் எதைச் செய்யாதிருந்தார் என்று மட்டும் வினவிய ஆவணம் அது. வித்தாச்சியின் வினா 65 ஆண்டுகளின் பின் நீதிமன்றத்தை எட்டியது எனலாம்.

போர் முடிந்தபின் துப்பாக்கி கொழும்பின் அன்றாடச் செய்தியாகியுள்ளது. 2025 பெப்ரவரி 19இல் புதுக்கடை நீதிமன்றத்துள்ளேயே, சட்டநூலொன்றின் பக்கங்களைக் குடைந்து மறைத்துக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால் ஒருவர் கொல்லப்பட்டார். உவமை தேடும் கவிஞனுக்கு வேலை மிச்சம்.

மனநலம் என்பது இவ்விவாதத்தில் எங்கு உரியது? பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய ஆய்வுகள் அதற்கு விடை தருகின்றன. போரும் வன்செயலும் எஞ்சியோரிடத்து விட்டுச்செல்லும் உறக்கமின்மை, அச்சம், சொல்லிழப்பு ஆகியவற்றை அவர் பதிவுசெய்தார். அதாவது நோய் வன்செயலுக்கு முன்னன்று, பின்னே வருகிறது. ஏவியவனிடமன்று, ஏற்றவனிடமே தங்குகிறது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் யூலை மாதம் வந்தால் கதவைத் தாழிட்டுக்கொண்ட முதியோரின் கதைகள் தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. அலுவலகமொன்றில் அமர்ந்து வாக்காளர் பட்டியலைப் பிரதி எடுத்துக் கொடுத்தவனையோ, அதைப் பெற்றுக்கொண்டவனையோ பாத்திரமாக்கிய தமிழ்ப் புனைகதையைக் காண்பது அரிதாகவே உள்ளது.