கிண்டில் பேப்பர்வைட்: எண்ணூறு பக்க மந்திரத்தைத் தாங்குமா?

நேர்க்கோட்டில் ஓடும் கதையைக் கைப்பேசியிலேயே படித்துவிடலாம். மின்நூல் கருவியின் தரம் தெரிய வேண்டுமானால் முரட்டுப் புத்தகம் ஒன்றை அதில் ஏற்ற வேண்டும். 2024இல் வெளிவந்த கிண்டில் பேப்பர்வைட்டுக்கு நான் வைத்த பரீட்சை, சுசானா கிளார்க்கின் 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்'. 2004இல் வந்த அவருடைய முதல் நாவல். அடுத்த ஆண்டே ஹியூகோ விருது வாங்கியது. ஏறத்தாழ 800 பக்கம், மூன்று பாகம், 200ஐ நெருங்கும் அடிக்குறிப்புகள்.

முதலில் கை. அச்சுப் பிரதியைப் படுத்துக்கொண்டு படித்தால் மணிக்கட்டு வலிக்கும். இந்தக் கருவி 211 கிராம்தான். 7 அங்குலத் திரை, அங்குலத்துக்கு 300 புள்ளி. எழுத்து அச்சடித்ததுபோலவே நிற்கிறது. வெளிச்சத்தை மஞ்சளாக்கிக்கொள்ளலாம் என்பதால் இரவில் கண் உறுத்துவதில்லை. போர்ஷியா ரோசன்பெர்க் வரைந்த படங்கள் கறுப்பு வெள்ளை என்பதால் சாம்பல் திரையில் எதையும் இழக்கவில்லை. பக்கம் திருப்பப் பொத்தான் இல்லாததுதான் குறை. ஒரு கையால் பிடித்திருக்கும்போது கட்டைவிரல் திரைக்கு ஏறி இறங்கியபடியே இருக்கிறது.

பேட்டரி 12 வாரம் வரும் என்கிறது நிறுவனம். அது நாளுக்கு அரைமணி நேரம், வைஃபை அணைத்து, வெளிச்சத்தை மிதமாக வைத்துப் படிப்பவருக்கான கணக்கு. கூட்டினால் 42 மணி நேரம். இந்நாவலின் ஒலிநூலே சுமார் 32 மணி நேரம்தான் ஓடுகிறது. ஒருமுறை சார்ஜ் போட்டால் நாவல் முடிந்துவிடும்.

உண்மையான சோதனை அடிக்குறிப்பில். கதை நடப்பது நெப்போலியன் காலத்து இங்கிலாந்தில். மந்திரம் வழக்கொழிந்து, அதன் வரலாற்றை மட்டும் பேசும் கனவான்கள் மிஞ்சியிருக்கிறார்கள். யார்க்ஷயரில் மந்திர நூல்களை வாங்கிப் பதுக்கும் நாரெல், தன்னால் மந்திரம் செய்யவே முடியும் என்று காட்டுகிறார். பிறகு வரும் ஸ்ட்ரேஞ்ச் அவரிடம் சீடனாகி, வெலிங்டன் படையோடு போர்க்களம் போய், கடைசியில் குருவையே எதிர்க்கிறார். இது மேல்கதை. வட இங்கிலாந்தை முந்நூறு ஆண்டு ஆண்ட அண்டங்காக்கை அரசனும், தேவதைகளின் வஞ்சகமும், இல்லாத நூல்களைப் பற்றிய பண்டிதச் சண்டைகளும் பெரும்பாலும் கீழே பொடியெழுத்தில்தான் இருக்கின்றன. சில குறிப்புகள் தனிச் சிறுகதைகள். அவற்றைத் தாண்டிப் படிப்பவர் பாதி நாவலை இழக்கிறார்.

கிண்டிலில் குறிப்பு எண்ணைத் தொட்டால் சிறு பெட்டி விரியும். இரண்டு வரிக் குறிப்புக்கு அது அருமை. பக்கக்கணக்கில் நீளும் குறிப்பை அந்தப் பெட்டிக்குள் தள்ளித் தள்ளிப் படிப்பது தொல்லை. குறிப்பு இருக்கும் இடத்துக்கே தாவிப் படித்துவிட்டுத் திரும்புவதே மேல். அச்சில் மேலும் கீழும் கண் ஓடும் சுகம் இதில் இல்லை. ஆனால் தேடல் வசதி அந்தக் கடனை அடைத்துவிடுகிறது. முந்நூறாம் பக்கத்தில் மறந்துபோன பெயர் அறுநூறாம் பக்கத்தில் திரும்பி வரும்போது, பெயரைத் தட்டினால் அது வந்த இடமெல்லாம் வரிசையாக வருகிறது.

வாங்குமுன் இலவச மாதிரியைப் படித்து முடிவெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் பாகம் நாரெல்லுடையது. ஸ்ட்ரேஞ்ச் மெதுவாகத்தான் வருவார். யார்க் தேவாலயத்தின் கற்சிலைகள் வாய்திறக்கும் காட்சி தொடக்கத்திலேயே இருக்கிறது. அது பிடித்தால் துணிந்து வாங்குங்கள். அதற்குப் பிறகு வரும் லண்டன் விருந்துகளும் அமைச்சர் வீட்டுப் பேச்சுகளும் இழுவைதான். அங்கே பொறுமை வேண்டும். மந்திரத்தால் உயிர்த்தெழுந்த பெண்ணின் இரவுகளும், சமையலறை முதல் சபை வரை எல்லாரும் மதித்தும் அடிமைப்பட்டவளின் மகனாகவே இருக்கும் ஸ்டீபன் பிளாக்கின் கதையும் அந்தப் பொறுமைக்கு ஈடு தருகின்றன. மந்திரவாதிகள் இருவரையும்விட அந்த இருவரே என் மனதில் நின்றார்கள்.

பெரிய குறை கருவிக்கு வெளியே இருக்கிறது. முடித்த புத்தகத்தை நண்பருக்குக் கொடுக்க முடியாது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் நிறுத்திவிட்டது. நாம் வாங்குவது படிக்கும் உரிமையை மட்டுமே. நூல்களைப் பிறர் கண்ணில் படாமல் பூட்டிவைக்கும் நாரெல் பார்த்தால் மெச்சியிருப்பார்.

தீர்ப்பு: தடித்த நாவல்களை அதிகம் படிப்பவர், பொடியெழுத்துக்குக் கண் திணறுபவர், ரயிலில் படிப்பவர் வாங்கலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று நூல் படிப்பவருக்கு இந்தச் செலவு வீண். இந்நாவலின் அச்சுப் பிரதியே போதும். நாவலைப் பொறுத்தவரை எதில் படித்தாலும் சரி, அடிக்குறிப்புகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.