பல்லாங்குழியும் செல்போனும்

ஏரியூரில் எங்கள் தெருவில் பார்வையில்லாத பையன் ஒருவன் இருக்கிறான். சாயங்காலம் சிநேகிதர்கள் திண்ணையில் கூடிச் செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். பக்கத்தில் இவன் உட்கார்ந்திருப்பான். "பின்னால எவனோ வர்றான்டா, காலடி கேக்குது" என்று முதலில் சொல்வது இவன்தான். ஆனால் போன் இவன் கைக்கு வருவதில்லை.

அதே பையன் பாட்டியுடன் பல்லாங்குழிக்கு உட்கார்ந்தால் பார்க்க வேண்டும்! 14 குழிகளும் அவன் விரலுக்கு அத்துபடி. எந்தக் குழியில் எத்தனை புளியங்கொட்டை என்று தடவியே கண்டுகொள்கிறான். முக்கால்வாசி நாள் தோற்பது பாட்டிதான். அவனுக்காக யாரும் விதியைத் தளர்த்தவில்லை. பார்க்கிறவனுக்குத் தெரிகிற அத்தனையும் தொடுகிறவனுக்கும் தெரிகிற மாதிரி அந்த ஆட்டம் அமைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

செல்போன் ஊமை அல்ல. டாக்பேக் என்ற வசதி திரையில் உள்ளதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டுகிறது; பையன் அதை வைத்துக்கொண்டு செய்தி படிக்கிறான், கடிதம் எழுதுகிறான். விளையாட்டைத் திறந்ததும் அது வாயடைத்துப் போகிறது. பெரும்பாலான விளையாட்டுகள் திரை முழுவதையும் ஒரே படமாகத் தீட்டிவிடுகின்றன. எது பொத்தான், எது எழுத்து என்று வாசிக்கும் கருவிக்குச் சொல்லி வைப்பதில்லை.

முடியாத காரியமா என்றால் இல்லை. 2020-இல் அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனம் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஊனமுற்றோருக்கென்று அதில் 60-க்கு மேற்பட்ட வசதிகள். எதிரி எங்கே, எடுக்க வேண்டிய பொருள் எங்கே என்று ஒலி காட்டிக் கொடுக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் போகவேண்டிய பக்கம் திருப்பிவிடும். மங்கலாகப் பார்ப்பவருக்காகப் பின்னணியைச் சாம்பல் நிறமாக்கி, எதிரியைச் சிவப்பாகக் காட்டும். பார்வையற்றவர்கள் அதைக் கடைசிவரை ஆடி முடித்திருக்கிறார்கள்.

"இப்படி எல்லாம் செய்தால் ஆட்டத்தின் ருசி போய்விடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிற கேள்வி இது. 2018-இல் வந்த 'செலஸ்ட்' விளையாட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சாகாமலே மலையேறலாம். அது சலுகை, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. கண்ணுக்குச் சொன்னதையே காதுக்கும் சொல்வது சலுகையல்ல. புளியங்கொட்டையைத் தடவ முடிவதால் கணக்கு சுலபமாகிவிடுகிறதா என்ன?

நம் நாட்டில் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு பொழுதுபோக்கையும் சேர்த்தே பேசுகிறது. சட்டம் பேசுகிறது, விளையாட்டு பேசக் காணோம்.

அந்த அமெரிக்க விளையாட்டைப் பற்றிப் பையனிடம் சொன்னேன். தமிழில் பேசாது, இங்கிலீஷ்தான் என்றேன்.

"பரவால்ல மாமா. என்ன வெலை?"

ஆடுகிற பெட்டியே அரை லட்சத்தை ஒட்டி ஆகும் என்றேன். சற்று நேரம் சும்மா இருந்தான். பிறகு உள்ளே திரும்பிப் பாட்டியைக் கூப்பிட்டான்.