லுடோவிக்கா வரைந்த சோடி

ஸ்ருட்கார்ட்டில் உள்ள உறவுகளிடம் போகும் யாழ்ப்பாணத்தார் யாரைக் கண்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாளை ஒதுக்கிவைத்து மார்பாஹ் போய்விட்டு வாருங்கோ. கவிஞர் ஷில்லர் பிறந்த சின்ன ஊர் அது. நெக்கர் ஆற்றுக்கு மேலே மேட்டில், 1903இல் திறந்த ஷில்லர் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போனதும் கவிஞருக்காகத்தான். ஆனால் என்னை அங்கே கட்டிப்போட்டவர் லுடோவிக்கா சிமானோவிட்ஸ் என்ற ஓவியர்.

ஷில்லர் ஒரு படத்தில், மனைவி சார்லொட்டே மற்றொன்றில். 1793, 94 காலத்தில் வரைந்த சோடி ஓவியங்கள். என்ன கை ஐயா அந்தக் கை!

அந்தக் காலத்தை அறிந்தால்தான் அந்த முகங்கள் முழுதாகப் பேசும். வூர்ட்டம்பேர்க் கோமகன் கார்ல் ஒய்கன், இனி நாடகம் எழுதக்கூடாதென்று ஷில்லருக்குத் தடை போட்டார். 1782 செப்டம்பரில் ஓர் இரவு, நண்பன் ஒருவனுடன் அவர் நாட்டை விட்டே ஓடினார். தகப்பனோ அதே கோமகனின் சேவகத்தில் இருந்தவர். பதினொரு வருடம் கழித்து, நோயுற்ற உடம்போடும் பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடும் ஷில்லர் ஊர் திரும்பினார். செப்டம்பரில் லுட்விக்ஸ்பூர்க்கில் மூத்த மகன் பிறந்தான்; அடுத்த மாதமே கோமகன் இறந்துபோனார். அப்படி வந்து நின்ற மனிதனைத்தான் லுடோவிக்கா வரைந்தார். திறந்த வெள்ளைக் கழுத்துப்பட்டி, செம்மை கலந்த தலைமயிர், களைப்பிலும் தணியாத முகம். ஊரை விட்டு ஓடி, வருடக்கணக்கில் காத்திருந்து, பெற்றவர்களைப் பார்க்க வந்த ஒருவரின் முகம் எப்படி இருக்குமென்று எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

லுடோவிக்காவும் ஷில்லர் பிறந்த அதே 1759இல் பிறந்தவர்; ஷில்லரின் தங்கையோ அக்காவோ போல அந்த வீட்டோடு பழகியவர், சகோதரி கிறிஸ்தோபினேயின் தோழி. கோமகனின் அரண்மனை ஓவியர் நிக்கொலா கிபாலிடம் பாடம் கேட்டு, பாரிஸில் அந்துவான் வெஸ்தியேயிடம் மெருகேறி, புரட்சி கொந்தளித்த அந்நகரைக் கண்ணால் கண்டு வந்தவர். அரண்மனைப் பயிற்சியின் நுணுக்கம் எல்லாம் அவர் விரலில் இருக்கிறது. அரண்மனைப் பூச்சு மட்டும் இல்லை. 1793இல் ஷில்லரின் தாய் தகப்பனையும் இதேபோல் சோடியாக வரைந்திருக்கிறார். பிள்ளை வந்து சேர்ந்த வருடம்! அதை நினைக்கவே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சோடிப் படங்களைப் பிரித்துப் பார்க்கவே கூடாது. கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் அப்புவும் ஆச்சியும் தனித்தனிச் சட்டங்களில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். 1995 இடப்பெயர்வில் அப்புவின் படம் தொலைந்துபோனது. ஆச்சி மிஞ்சினா, ஆனால் அந்த முகமே மாறிவிட்டது போலிருக்கும். மார்பாஹில் இந்த இருவரையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது, ஒரு முகத்துக்கு மறுமுகம் எவ்வளவு பலம் என்பது விளங்கியது.

புத்தக அட்டைகளில் நாம் காணும் ஷில்லர் பெரும்பாலும் இந்த ஷில்லர்தான். என் வாக்கு சார்லொட்டேக்கு. உயர்குடியில் பிறந்து, 1790இல் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளையைக் கட்டி, பிரபுப் பட்டத்தை இழந்த பெண். ஷில்லருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்ததோ 1802இல்தான். இடைப்பட்ட அந்த வருடங்களின் சார்லொட்டேயைத்தான் லுடோவிக்கா பிடித்திருக்கிறார்: கைக்குழந்தைக்காரி, நோயாளியின் துணை, ஆனாலும் எவ்வளவு நிதானம்! அந்த நிதானத்தைக் காண ஒரு பெண்ணின் கண் வேண்டும் என்றே நான் நம்புகிறேன்.

1799இல் லுடோவிக்காவின் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். ஓவியம் படிப்பித்து, படம் வரைந்து குடும்பத்தைத் தாங்கியவர் அவரே. 1827இல் லுட்விக்ஸ்பூர்க்கில் காலமானார். இவருடைய பெயர் எங்கள் ஓவிய மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். ரஃபாயேலையும் ரெம்ப்ராண்டையும் படிப்பிக்கிற வாத்திமார், லுடோவிக்காவின் இந்தச் சோடியையும் வகுப்பில் ஒருக்கால் காட்டுங்கோ.