மரபணுவும் மரபுப் பெருமிதமும்: ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஏ. ஆர். முருகதாஸ் இயக்கத்தில் 2011ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ‘ஏழாம் அறிவு’, மரபணுவியலைக் கதைப்பொருளாக்கிய வெகுமக்கள் தமிழ்த் திரைப்படங்களுள் குறிப்பிடத்தக்கது. மலேசியத் தமிழ் இளையோர் பலர் ‘டி.என்.ஏ.’ என்னும் சொல்லைத் தமிழ்ச் சூழலில் பொருளோடு கேட்டது இப்படத்தின்வழியே எனலாம். ஆதலின், அஃது அச்சொல்லுக்கு ஏற்றிய பொருள் யாது என ஆராய்வது தகும்.

போதிதர்மரின் ஆற்றல் அவர்தம் வழித்தோன்றலின் மரபணுவில் உறங்குகிறது; அதனை எழுப்பலாம் என்பது படத்தின் கருத்து. ஏறத்தாழ 1500 ஆண்டுகள் என்பது 60 தலைமுறை. தலைமுறைதோறும் பாதியாகும் பங்கில், குறிப்பிட்ட ஒரு மூதாதையின் கூறு எஞ்சாமலே போதல் இயல்பு. கற்ற கலை மரபணுவில் எழுதப்படுவதுமில்லை. எனினும், இப்பிழை பெரிதன்று. கற்பனைக்கு அவ்வுரிமை உண்டு.

பெரிதாவது வேறொன்று. ஆய்வு மாணவி சுபா, தன் நோக்கத்தை மறைத்தே அரவிந்தனோடு பழகுகிறாள். தான் ஆய்வுப்பொருளாக்கப்பட்டதை அறிந்து அவன் புண்படுகிறான். ஒருவரின் உடற்கூற்றை அவர் இசைவின்றி ஆராயலாமா என்னும் அறக்கேள்வி இங்கே தானாகவே எழுகிறது. படமோ அதனைக் காதல் ஏமாற்றமாகச் சுருக்கி, ஒரு பாடலோடு கடந்து, நாட்டுக் கடமையின்பேரில் அவனை இசைய வைக்கிறது. மரபணு அங்கே புதையல் மட்டுமே. அது சுமையாகவும் வரக்கூடும் என்னும் எண்ணத்திற்கு இடமில்லை.

நம் மாணவர் மரபணுவை நேரில் எதிர்கொள்ளும் இடமோ மிக எளியது. 2016 முதல் மலேசியா முழுவதும் நான்காம் படிவ மாணவர்க்குப் பள்ளியிலேயே தலசீமியா இரத்தப் பரிசோதனை நடைபெற்று வருகிறது. கட்டாயமில்லை, பெற்றோரின் ஒப்புதல் தேவை. புக்கிட் தெங்கா போன்ற செபராங் பிறை வட்டாரங்களிலும் பதினாறு வயதுப் பிள்ளை கையை நீட்டுகிறது. கையெழுத்து மட்டும் தந்தையுடையது. நோயின்றி அக்கூற்றை மட்டும் தாங்கியவர் எனத் தெரிந்தால், அதே நிலையிலுள்ள துணையோடு பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதனை அறிந்த பெண்ணின் திருமணப் பேச்சு என்னாகும்? யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது? சோதனைத் தாள் இவற்றுக்கு விடை தருவதில்லை.

தமிழரிடையே இக்கேள்வி மேலும் நெருங்கி வருகிறது. 1976ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, இந்துக்கள் வழக்கப்படி அக்காள் மகளை மணக்க விலக்களிக்கிறது. மாமனும் மருமகளும் சராசரியாக மரபணுவில் நான்கில் ஒரு பங்கைப் பகிர்பவர். உறவை உயர்வாகப் பேசும் நாம் இக்கணக்கைப் பேசுவதில்லை. கருவுற்றபின் நோய் கண்டறியப்பட்டாலும் வழி எளிதன்று. 1989இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிருக்கோ உடல், மனநலத்திற்கோ ஏற்படும் கேட்டையே கருக்கலைப்புக்குக் காரணமாக ஏற்கிறது. சிசுவின் நோயைத் தனிக் காரணமாகக் கூறவில்லை.

கனடாவின் மொண்ட்ரியால் நகரில் 1970களிலேயே உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு இத்தகைய சோதனை தொடங்கியது. அங்கு இரத்தம் எடுப்பதற்கு முன்னரே வகுப்பறைக் கல்வி அமைந்தது. நம்மிடமும் மேடை இல்லாமலில்லை. பள்ளிதோறும் தமிழ் விவாதப் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் ஒட்டியும் வெட்டியும் பேசி நடுவரின் புள்ளி பெறும் அம்முறையில், ‘சோதனை வேண்டுமா, வேண்டாமா’ எனத் தலைப்பிட்டால், அவையில் அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மாணவியின் முடிவு அங்கே கைதட்டலுக்கான சான்றாகிவிடும். தீர்ப்பில்லாத சிறு குழு உரையாடலே இதற்குப் பொருந்தும்.

அவ்வுரையாடலுக்குச் சொல்லும் வேண்டும். அறிவியலை மலாயில் பயிலும் மாணவர் ‘பெம்பாவா’ என்பர். அகராதி தரும் ‘கடத்தி’ என்பதோ, ஆட்கடத்தலையும் மின்கடத்தியையும் ஒருசேர நினைவூட்டுகிறது. வீட்டிலோ ‘குறை’ என்ற ஒரே சொல். மகளிடம் ‘உனக்குக் குறை இருக்கிறதாம்’ என்று தாய் சொல்லும்போது, நலமாயிருக்கும் பிள்ளை நோயாளியாகிவிடுகிறாள்.