கபாலியின் கோட்டும் செங்கேணியின் நடையும்

2016 ஜூலை 22ஆம் தேதி ‘கபாலி’ வெளியானபோது, சென்னையில் பார்த்தவர்களுக்கும் மலேசியாவின் கிள்ளானில் பார்த்தவர்களுக்கும் ஒரே முடிவு கிடைக்கவில்லை. பள்ளி விழாவில் ஓர் இளைஞன் ரஜினிகாந்தை நெருங்குகிறான், திரை இருள்கிறது, துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்கிறது. தமிழ்நாட்டில் படம் அத்தோடு முடிந்தது. மலேசியப் பிரதியிலோ கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டார் என்று ஒரு வரி எழுத்தில் வந்து நின்றது. குற்றம் செய்தவன் சட்டத்தின் பிடியில் இருந்து தப்பிவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது என்ற கவலை அந்த வரியில் தெரிந்தது.

ஆனால் பா. ரஞ்சித் சொல்ல வந்தது கடைசிக் காட்சியில் இல்லை. சிறையில் கபாலி படித்துக்கொண்டிருக்கும் ஒய்.பி. சத்தியநாராயணாவின் ‘மை ஃபாதர் பாலையா’ என்ற தலித் குடும்ப வரலாற்று நூலிலேயே அது தொடங்கிவிடுகிறது. பிறகு கோட்டு சூட்டு. தோட்டத்துக் கூலியாக வந்தவர்களின் பிள்ளை அம்பேத்கரைப் போல உடுத்திக்கொண்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்கிறான். அந்த உட்காரும் விதத்தில் ரஜினி காட்டும் நிதானம் பக்கம் பக்கமான வசனத்தைவிட அதிகம் பேசுகிறது.

கிள்ளான்காரர்களுக்கு இது இறக்குமதிச் சரக்கும் அல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பவையும் கோரிக்கைகளாக இருந்தன. நாதன் கைதானார், ராணுவம் வந்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கபாலி ஏன் கோட்டு போடுகிறார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

குண்டர் தலைவனாக ரஜினி காட்டும் அதே நடிப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு சட்டவிரோதமான 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று எண்களே பெயர்களான கும்பல்கள் அதில் இருந்தன. அந்த எண்களுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் உள்ள ஊரில், திரையில் ஓர் எண் கம்பீரமாக உச்சரிக்கப்படும்போது அது வெறும் கதையாகக் கேட்காது. கபாலி நடத்தும் மறுவாழ்வுப் பள்ளியை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்? அவர் நடந்து வரும் அழகை எல்லோரும் வைத்திருப்பார்கள். நல்ல நடிகர் நல்ல கருத்தை மட்டுமே கடத்துவதில்லை.

‘கபாலி’க்குச் சில மாதங்கள் முன்னால், 2015 டிசம்பரில், இந்த மலேசிய மண்ணின் படமாகவே ‘ஜகாட்’ வந்தது. இயக்கியவர் சஞ்சய் குமார் பெருமாள். தோட்டங்கள் கைமாறி, லயத்து வீடுகளை இழந்து, புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் தொண்ணூறுகளைச் சொல்லும் கதை. ஹர்விந்த் ராஜ் நடித்த அப்போய் என்ற சிறுவன், படி படி என்று அடிக்கும் அப்பாவுக்கும் கும்பலில் திரியும் சித்தப்பாவுக்கும் நடுவே வளர்கிறான். மேடையேறி அரசியல் பேச இதில் தலைவர் யாரும் இல்லை. அப்பாவின் கை ஓங்கும்போது அந்தப் பையனின் தோள் ஒடுங்குவதே போதுமானதாக இருக்கிறது. மலேசியத் தமிழ்ப் படங்களில் இதற்கு இணையாக அரசியல் பேசிய படம் குறைவு என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

படத்தில் மேடையேறாத அரசியல் விருது விழாவில் வெடித்தது. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழா, தேசிய மொழியில் இல்லாத படம் என்று ‘ஜகாட்’டைத் தனிப்பிரிவில் வைத்தது. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் பெற்ற விருதுக் கோப்பைகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். எதிர்ப்பு வலுக்கவே, மொழி பார்க்காமல் சிறந்த மலேசியப் படம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வென்றது ‘ஜகாட்’.

நடிப்பே இல்லாத படத்துக்கு இந்த நாட்டில் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இலங்கைப் போரின் இறுதி மாதங்களைக் காட்டும் கேலம் மெக்ரேயின் ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படம் 2013 ஜூலை 3ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூர் சீனர் அசெம்பிளி மண்டபத்தில் திரையிடப்பட்டது. அமைச்சு அதிகாரிகள் நுழைந்தார்கள். ஏற்பாடு செய்த மனித உரிமை அமைப்பான கோமாஸ் மையத்தின் பெண் ஆர்வலர் மீது 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்கு பாய்ந்தது. 2016இல் விடுவிக்கப்பட்டவர் 2017இல் குற்றவாளி ஆக்கப்பட்டு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டார். தணிக்கைக்கு அனுப்பாமல் திரையிட்டதே குற்றம் என்றது சட்டம். ‘கபாலி’க்கு ஒரு வரி போதுமாக இருந்தது. மெய்யான பிணங்களைக் காட்டிய படத்துக்கு நான்காண்டு நீதிமன்ற அலைச்சல்.

2021 நவம்பரில் இணையத்தில் வந்த த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ 1993இல் கடலூர்ப் பக்கம் நடந்த ராஜாக்கண்ணுவின் காவல் மரணத்தைத் தழுவியது. சூர்யாவின் நீதிமன்ற வாதங்கள் ‘பராசக்தி’ 1952இல் போட்டுக் கொடுத்த பாதையில் செல்பவை. ராஜாக்கண்ணுவின் மனைவி செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் அந்தப் பாதையில் போகவில்லை. மேலதிகாரியின் உத்தரவுப்படி வீட்டில் கொண்டுபோய் விடக் காவல் வண்டி காத்திருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியான செங்கேணி அதில் ஏற மறுத்து, மகளோடு நடக்கிறாள். வண்டி பின்னாலேயே ஊர்ந்து வருகிறது.

சுபாங் ஜெயாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இதைப் பார்க்கிறவருக்குக் கடலூர் தூரத்து ஊராக இருக்கலாம். ஆனால் குகனைத் தெரியும். 22 வயது அ. குகன் 2009 ஜனவரி 20ஆம் தேதி சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் கேட்டுப் பெற்ற இரண்டாவது பரிசோதனையோ உடம்பில் அடிபட்ட காயங்களைப் பதிவு செய்தது. குகனின் தாயார் தொடுத்த வழக்கில், 2013இல், காவல்துறையும் அரசாங்கமுமே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.